பதினான்கு நாள் செடி

ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவி கஸ்தூரி ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளங்கையில் ஓர் இலை. வாள் போல நீளமாக, ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்ட இலை. முந்தின வாரம் வரை விறைப்பாக நின்றது. இப்போது வேகவைத்த வெண்டைக்காய்த் தோல் மாதிரி குழைந்து கிடந்தது. அழுகின கீரைக்கட்டின் வாடை.

"இதுவும் போச்சுங்க. எத்தனை நாள்?"

நான் டைரியைப் புரட்டினேன். "பதினாலு."

"போன தடவை?"

"பதிமூணு."

அவள் இலையைக் குப்பைக் கூடையில் போட்டாள். கையைக் கழுவினாள். கழுவின கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் குழாயடியிலேயே நின்றாள். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. நாட்களை மட்டும் குறித்துக்கொண்டேன்.

சென்ற வாரம் மேற்குத் தாம்பரம் ரயில்வே கேட்டைப் பற்றி எழுதியதைப் படித்த ஒருவர், இத்தனை விவரம் எப்படி நினைவில் நிற்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறார். நிற்பதில்லை. எல்லாம் டைரியில் இருக்கிறது. இருபத்தைந்து டைரிகள் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் வரிசையாக இருக்கின்றன. தேதி வேண்டுமானாலும் சொல்லலாம். இங்கே தேதி வேண்டாம். எண்பதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்த காலம்.

வெள்ளைப் பெட்டி

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மீனம்பாக்கத்தில் வானிலை பார்க்கும் இடத்தில் எனக்கு உத்தியோகம். புல்தரையின் நடுவே நான்கு கால்களில் ஒரு வெள்ளை மரப்பெட்டி நிற்கும். சுற்றிலும் காற்றுப் போக மரச்சட்டங்கள். உள்ளே இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று உலர்ந்தது. மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ஒரே காற்றில் இரண்டும் இரண்டு கணக்குச் சொல்லும்.

குறித்த நேரத்தில் பெட்டியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அளவைப் படித்து எழுத வேண்டும். நம் மூச்சுப் பட்டாலே பாதரசம் ஏறிவிடும். சேர்ந்த முதல் நாள் மூத்தவர் ஒருவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "பார்க்காததை எழுதாதே. பார்க்கத் தவறினால் தவறியது என்று எழுது." அந்த வேலையில் நான் அப்படித்தான் இருந்தேன். எந்த நாளிலும் ஊகித்து ஒரு எண்ணைப் போட்டதில்லை.

வீட்டில் போட்டேன். அதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொட்டி வந்த காரணம்

கஸ்தூரிக்கு மூன்றாவது முறையும் கரு கலைந்தது. இரண்டு மூன்று மாதம் குனிந்து நிமிரக் கூடாது, மனத்தைச் சும்மா விடக் கூடாது என்றார் லேடி டாக்டர். எதையாவது பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நான் ஒரு மீன் தொட்டி வாங்கி வந்தேன். இரும்புச் சட்டம் போட்டு, தண்ணீர் கசியாமல் ஓரங்களில் கறுப்பாக மக்கு அடைத்த கண்ணாடித் தொட்டி. ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன், தாம்பரத்தில் இறங்கும்போது ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "மீன் எங்க சார், குதிச்சிடுச்சா?" என்றார்.

தொட்டியில் கப்பி மீன்கள் விட்டோம். சுண்டுவிரல் நகம் அளவு உடம்பு, அதைவிடப் பெரிய வால். கப்பி முட்டை போடாது. குட்டி போடும். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மீன் வாங்கியிருப்பேன்.

முதல் மாதமே ஒரு பெண் மீன் குட்டி போட்டது. கஸ்தூரி தொட்டியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எண்ணினாள். பதினேழு. மறுநாள் காலை பதினொன்று. அதற்கு மறுநாள் நான்கு. பெரிய மீன்களே தின்றுவிடுகின்றன.

"ஒளிஞ்சுக்க இடம் இல்லைங்க அதுங்களுக்கு," என்றாள். "செடி வைக்கணும்."

அன்றிலிருந்துதான் செடி.

பாபுவின் கடை

மார்க்கெட்டை ஒட்டின சந்தில், பழைய சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே பாபுவின் மீன் கடை இருந்தது. மாவு மில் ஓடும்போது தொட்டித் தண்ணீரெல்லாம் லேசாக நடுங்கும். பாபுவுக்கு முப்பது வயதிருக்கும். எப்போதும் முழங்கை வரை ஈரம். தண்ணீருக்குள் நட்டிருந்த செடிகளுக்கு மேலே அட்டையில் பேர் எழுதி ஒட்டியிருந்தான். 'சிங்கப்பூர் வாள்.' 'ஊதா ராணி.' எல்லாவற்றிற்கும் கீழே, 'அசல் தண்ணீர்ச் செடி.'

"சிங்கப்பூர் மால் சார். கப்பல்ல வந்துகினு கீது. அப்பிடியே மண்ணுல சொருவுங்க, குத்திக்கினு நிக்கும்," என்றான்.

நின்றது. பதினான்கு நாள் நின்றது.

கஸ்தூரி தன் கையாலேயே நட்டாள். கூழாங்கல்லை விரலால் விலக்கி, தண்டை இறக்கி, திரும்பக் கல்லை அணைத்து வைத்தாள். அடுத்த ஈற்றில் பிறந்த குட்டிகள் இலைகளின் அடியில் போய் ஒட்டிக்கொண்டன. ஒரு வாரம் வரை ஒன்பது இருந்தன. பிறகு தண்டு கொழகொழத்தது, தண்ணீர் கலங்கியது, இலைகள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. ஒளிய இடம் போனதும் குட்டிகளும் போயின.

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். அதுதான் காரணம் என்று மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். பதின்மூன்று நாள். வெளிச்சம் போதவில்லை என்று தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்தினோம். மறுபடியும் பதினான்கு நாள். கூழாங்கல்லை வெந்நீரில் அலசினோம். பன்னிரண்டு. டைரியில் கோடு போட்டு, நட்ட நாள், சாய்ந்த நாள், தண்ணீர் எது என்று கட்டம் கட்டி எழுதினேன். நான்காவது கட்டத்துக்கு 'நட்டவர்' என்று தலைப்புக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. கட்டம் ஒன்று காலியாக இருந்தது. அவ்வளவுதான். எல்லா வரியிலும் கஸ்தூரி, கஸ்தூரி என்று வந்தது.

நான்காவது செடி செத்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு பாபுவின் கடைக்குப் போனேன்.

"யாரு சார் நட்டது? அக்காவா?" என்றான் பாபு, வலையை உதறிக்கொண்டே. "சில பேர் கைக்கு நிக்காது சார். எங்கம்மாவே அப்பிடித்தான். தொட்டா பட்டுப்பூடும். அடுத்த தபா நீங்க நட்டுப் பாருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சைக்கிள் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

கஸ்தூரி சிரிக்கவில்லை. புதுச் செடி ஒன்றை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

கை

எங்கள் தெருவில் விதை போட ஆள் கூப்பிடுவார்கள். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், அவரைக்கோ புடலைக்கோ குழி தோண்டி வைத்துவிட்டு, கைராசிக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டு முதல் விதையை அவள் கையால் போடச் சொல்வார்கள். அது கஸ்தூரியாக இருந்தது. வாடகைக்கு வந்த முதல் வருஷமே, வீட்டுக்கார மேரி அக்கா கொல்லையில் ஒடித்து எறிந்த முருங்கைக் கொம்பை அவள் சும்மா ஊன்றி வைத்தாள். அது ஓட்டுக்கு மேல் போயிற்று. அதிலிருந்து நாலு வீட்டுக்கும் அவள்தான். விதை போடுகிற நாளில் மேரி அக்கா ஜெபம் பண்ணிவிட்டு விதையை நீட்டுவார். இவள் முருகனை நினைத்துக்கொண்டு போடுவாள். இரண்டு பேருக்கும் அதில் ஆட்சேபணை இருந்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரி புதுச் செடியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க நடுங்க."

"கடைக்காரன் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னான், கஸ்தூரி."

"நடுங்களேன்."

நட்டேன். 'நட்டவர்' கட்டத்தில் 'நான்' என்று எழுதினேன்.

நான் செய்தது

பன்னிரண்டாம் நாள் காலை தண்டைத் தொட்டுப் பார்த்தேன். விரல் அமுங்கியது.

என் கையாலும் செத்தது என்று அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் தொட்டியில் அப்போது ஆறு குட்டிகள் இருந்தன. அவற்றை அவள் ஒவ்வொன்றாய் அடையாளம் தெரிந்து வைத்திருந்தாள். இன்னொரு காலை அவள் எண்ணி முடித்துவிட்டு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மதிய டியூட்டி அன்று. கிளம்புவதற்கு முன் பாபுவின் கடைக்குப் போய் அதே செடியில் அதே உயரத்தில் ஒன்று வாங்கினேன். கஸ்தூரி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துணி கல்லில் அடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நிற்பதற்குள் பழையதைப் பிடுங்கிப் புதியதைச் சொருகிவிட்டேன்.

டைரியில் 'செடி மாற்றினேன்' என்று இரண்டு சொல் எழுதினேன். செடிக் கட்டத்தில் அல்ல, அன்றைய மழை அளவுக்குப் பக்கத்தில். கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஆகவே கட்டத்தின்படி என் செடி உயிரோடு இருந்தது.

இப்படி மூன்று முறை செய்தேன். குட்டிகள் பிழைத்தன. வால் முளைத்து நிறம் வந்தது. ஐம்பதாம் நாள் கஸ்தூரி தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்க கை நல்ல கைங்க."

பாராட்டு என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ஒரு காலை மேரி அக்கா கொல்லையிலிருந்து குரல் கொடுத்தார். "ஏ கஸ்தூரி, குழி ரெடி. வந்து அவரை போட்டுட்டுப் போ. கறி கொதிக்குது எனக்கு."

"வேற யாரையாச்சும் கூப்பிடுங்கக்கா."

"இன்னாடி இது? வேற யாரு கீறாங்க? நான் போட்டா எலி தின்னும், நீ போட்டாதான் காய்க்கும்."

"என் கை வேணாம்க்கா. இப்ப எதுவும் நிக்கிறதில்ல. வயித்துலயும் நிக்கல. தண்ணியிலயும் நிக்கல. அவர் வெச்சது மட்டும் ஜம்முனு நிக்குது. எங்கிட்டதான் ஏதோ இருக்கு."

நான் உள்ளே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். 'அவர் வெச்சது மட்டும்' என்ற அந்தப் பகுதியை நான்தான் தயாரித்துக் கொடுத்திருந்தேன். அப்போதே வெளியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ரயிலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டேன். அதற்குப் பிறகும் சில மாதம் சொல்லவில்லை, செடியை மாற்றுவதையும் விடவில்லை. இதற்கிடையில் அவள் பூத்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியிருந்தாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை நீட்டினால், அடுப்பில் வேலை இருக்கிறது என்பாள்.

மேடவாக்கம் போன அன்று

உடன் வேலை பார்த்தவர் ஒருவர் மேடவாக்கத்துக்கு உள்ளே ஒரு மனையில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். அப்போது அங்கே வயலும் ஏரிக்கரையும்தான். இன்று போய்ப் பார்த்தால் எந்த இடம் என்று எனக்கே தெரியாது. கஸ்தூரி வரவில்லை. நல்ல காரியத்துக்குத் தான் எதற்கு என்றாள்.

திரும்பும்போது சைக்கிள் பஞ்சர். தள்ளிக்கொண்டு வந்தேன். ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு நாற்றுப் பண்ணை. நிழலுக்கு நின்றேன். வரிசை வரிசையாகக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகள். அவற்றில் செம்மண். செம்மண்ணில் வாள் போன்ற நீளமான இலைகள், ஓரத்தில் வெள்ளைக் கோடு. நூறு இருக்கும். நல்ல வெயிலில், விறைப்பாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன.

ஒரு அம்மாள் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இது தண்ணிச் செடிதானே அம்மா?"

"இன்னா தண்ணிச் செடி? குரோட்டன்ஸ் மாதிரி இது. வூட்டு வாசல்ல ஜாடில வெப்பாங்க."

"தண்ணிக்குள்ள வெச்சா?"

"உள்ளவா? முழுக்கவா?" பூவாளியைக் கீழே வைத்துவிட்டார். "அயுவிப்பூடும் சார். உங்கள தண்ணிக்குள்ள வெச்சா நீங்க இருப்பீங்களா?"

அவரே தொடர்ந்தார். "தாம்பரத்துல மீன் கடை வெச்சிகினு ஒருத்தர் வாராவாரம் வர்றாரு. தலப்பக்கமா கிள்ளிக்கினு போறாரு. வேர் வேணாம்ன்றாரு. பூ ஜாடிக்குன்னு நெனச்சேன். மீனுக்கா அது?" என்று வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்சம் தள்ளி ஊதா ராணியும் இருந்தது. அதுவும் மண்ணில்தான்.

மறுநாள் வேலைக்குப் போனபோது, எங்கள் அலுவலகப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் சிமெண்ட் தொட்டிகளில் ஊதா இலைச் செடி நிற்பதைப் பார்த்தேன். பல வருஷமாக அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறேன். பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அன்று மாலையே பாபுவிடம் போனேன். அவன் மறைக்கவில்லை.

"ஆமா சார், மேடவாக்கத்துச் செடிதான். பத்து நாள் பச்சையா நின்னுச்சா இல்லியா? மீனே அவ்ளோ நாள் தாங்க மாட்டேங்குது."

"செத்துப்போகும்னு தெரிஞ்சு எப்படிப்பா விக்கிறே?"

"ஒருத்தர் வந்து கேட்டதில்ல சார். தண்ணி சரியில்லன்னு நெனச்சிக்குவாங்க, கை சரியில்லன்னு நெனச்சிக்குவாங்க, இன்னொண்ணு வாங்கிக்கினு போவாங்க. நீங்கதான் மொதல்ல கேக்குறீங்க." பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீங்களே பழசு அயுவுறதுக்குள்ள கரெக்டா வந்து வாங்கிக்கினு இருந்தீங்க. தெரிஞ்சிதான் வாங்குறீங்கன்னு நெனச்சேன் சார்."

சண்டை போடப் போனவன் திரும்பி வந்தேன்.

கேள்வி

மறுநாள் காலை, நாற்றுப் பண்ணையில் வாங்கி வைத்திருந்த செடிப் பையைக் கஸ்தூரியின் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணில் வளரும் செடி, தண்ணீரில் யார் நட்டாலும் சாகும், உன் கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நன்றாகக் கோர்வையாகச் சொன்னேன். அவள் அந்த இலையைத் தடவிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. பிறகு தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நீங்க வெச்சது மட்டும் எப்படிங்க நின்னுது?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேடவாக்கம் போன நாளிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தும் தோன்றவில்லை.

ஏதாவது சொல்லியிருக்கலாம். சிலது பிழைக்கும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அதோடு தன் கையைப் பற்றி அவள் நினைத்ததும் அப்படியே இருந்திருக்கும். எழுந்து போய் டைரியை எடுத்து வந்தேன். மழை அளவுகளுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு சொல்லைக் காட்டினேன். ஒன்று. புரட்டி, இன்னொன்று. புரட்டி, மூன்றாவது. அப்படியே கடைசி வரை.

விரலை வைத்துப் படித்தாள்.

"நான் எங்க இருந்தேன்?"

"துணி துவைச்சிட்டிருந்தே."

"எல்லாத் தடவையுமா?"

"ம்."

"நான் சத்தம் கேட்குற தூரத்துலதான் இருந்திருக்கேன்." டைரியை மூடினாள். "அந்த அக்கா குழி தோண்டி வெச்சிட்டுக் கூப்பிட்டாங்க. போகலை. பாப்பாவைத் தூக்கக் கொடுத்தாங்க. தூக்கலை. நீங்க வீட்டுலதான் இருந்தீங்க."

அவள் அழவில்லை. கத்தவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு, நான் கடைசியாக மாற்றி வைத்த செடியைப் பிடுங்கினாள். அது வைத்து ஒன்பது நாள். கொல்லையில் ஓட்டை வாளி ஒன்றில் மண் அள்ளிப் போட்டு அதில் ஊன்றினாள். நான் கூட நின்றேன்.

"பையில இருக்கிறதை வைக்கலாமே. அது நல்லா இருக்கு," என்றேன்.

"அதை யாருக்காவது கொடுங்க. நான் இதைத்தான் வைப்பேன்." மண்ணை அமுக்கினாள். "இதை நீங்க தொடக் கூடாது. மாத்தக் கூடாது. செத்தா சாகட்டும். எனக்குத் தெரியணும்."

குச்சி

ஒரு வாரத்தில் இலைகள் எல்லாம் உதிர்ந்தன. சாண் உயரத்துக்கு வெறும் குச்சி. நான் காலையில் டியூட்டிக்குப் போகுமுன் கொல்லைக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்துவிட்டு வந்து எழுதுவேன். 'இலை இல்லை.' மறுநாள், 'இலை இல்லை.' ஒரு பக்கம் முழுக்க அதுதான்.

மேடவாக்கம் எனக்கு ஒரு மணி நேர சைக்கிள் தூரம். அதே உயரத்தில் அங்கே நூறு செடி நிற்கிறது. இது மனத்தில் வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நாள் பாதி வழியில் சேலையூர் வரைக்கும் போய்த் திரும்பினேன். அதையும் அன்றே டைரியில் எழுதினேன். இந்த முறை செடிக் கட்டத்திலேயே.

குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்குப் பிறகு டாக்டரிடமும் போகவில்லை. பாபு ஒன்றிரண்டு வருஷத்தில் கடையை மூடிவிட்டு அனகாபுத்தூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். தொட்டியில் கொஞ்ச நாள் பிளாஸ்டிக் செடி இருந்தது. குட்டிகள் அதற்குள்ளும் ஒளிந்துகொண்டன. அவற்றுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

குச்சியை ஊன்றி ஒன்றரை மாதம் இருக்கும். காலை டியூட்டி முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தேன். கஸ்தூரி வீட்டில் இல்லை. கொல்லைப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது.

"ரெண்டு விதையா போடு, ஒண்ணு எலிக்கு," என்றார் மேரி அக்கா.

"எலிக்கெல்லாம் நான் போட மாட்டேன். அதுக்கு நீங்களே போட்டுக்கங்க," என்றாள் கஸ்தூரி.

மேஜைமேல் டைரி திறந்து கிடந்தது. அன்றைய தேதி. அதுவரை என் எழுத்தைத் தவிர வேறு எழுத்து விழாத பக்கங்கள் அவை. செடிக் கட்டத்தில், பென்சிலால், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது:

'ஒரு இலை. நானே பார்த்தேன்.'

அதன்பின் அந்தக் கட்டத்தை நான் எழுதவில்லை. இன்று வரை அவள்தான் எழுதுகிறாள்.